தோல் போர்த்திய குட்டி

ஏப்ரல் பிறந்துவிட்டது என்று காலண்டர் சொன்னதே தவிர, வயோமிங் காற்றுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. மலைப் பக்கத்திலிருந்து அது வீசிய வீச்சில் பிக்கப் வண்டி ரோட்டில் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த லைல் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"சனிக்கிழமையும் அதுவுமா கால நீட்டிப் படுத்து மேட்ச் பாக்க வேண்டியவன் நான். ஆடு பாக்கக் கூட்டிட்டுப் போறா. ஏம்மா, நீ பொறந்து வளந்ததே ஆட்டுப் பட்டியிலதானே, இன்னும் சலிக்கலையா உனக்கு?"

"எனக்காகவா போறோம்? குழந்தைக்காக. வாய மூடிட்டு ரோட்டப் பாரு," என்றாள் அவன் மனைவி மார்வா.

பின் சீட்டில் டெஸ்ஸி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. பெற்றவள் போதை மருந்தில் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வீடுகள் மாறி, போன ஆகஸ்டில் இவர்களிடம் வந்த குழந்தை. சொன்ன பேச்சு கேட்பாள், போட்டதைச் சாப்பிடுவாள், அழவே மாட்டாள். அதுதான் மார்வாவுக்கு ஆகவில்லை. ஒரு குழந்தை என்றால் அடம் பிடிக்க வேண்டாமா? தட்டைத் தள்ள வேண்டாமா? இவளோ விருந்துக்கு வந்தவள் மாதிரி, எதைக் கொடுத்தாலும் "தேங்க் யூ, மார்வா ஆன்ட்டி" என்பாள். அந்த ஆன்ட்டி என்ற சொல் ஒவ்வொரு தடவையும் மார்வாவின் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.

வருகிற வியாழக்கிழமை கோர்ட். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால் டெஸ்ஸி சட்டப்படி அவர்கள் பெண். சட்டம் கிடக்கட்டும், அந்த வாயால் ஒரே ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று மார்வா தவித்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்ஸி போட்டிருந்த நீல ஜாக்கெட் ஆப்ரியுடையது. ஆப்ரி மார்வா பெற்ற பெண். ஐந்து வயதில், மூளைக்காய்ச்சல் வந்து, இரண்டே நாளில் கையை விட்டுப் போனவள். ஜாக்கெட் மட்டுமா, டெஸ்ஸியின் தலைக்குப் போடுகிற ஷாம்பூகூட ஆப்ரிக்கு வாங்கிக்கொண்டிருந்த அதே ஆப்பிள் வாசனை ஷாம்பூதான். நல்ல துணி, எதற்கு வீணாகப் போக வேண்டும் என்று மார்வா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். லைல் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பேசாததுதான் அவளுக்கு எரிச்சல்.

ஸ்ட்ரோடர் பண்ணை வீடு பாப்ளர் மரங்களுக்கு நடுவே இருந்தது. மாடி வைத்த மர வீடு. அந்தக் குடும்பத்தில் யாரும் மிஞ்சாமல் போகவே, ஊரார் கமிட்டி போட்டு அதை மியூசியமாக வைத்திருந்தார்கள். பக்கத்துக் கொட்டிலில் செம்மறிகள், கோழிகள், ஒரு கிழட்டுக் கோவேறு கழுதை, வருகிறவர்களையெல்லாம் துரத்துகிற இரண்டு பெரிய வாத்துகள். ஆடுகள் குட்டி போடும் காலத்தில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவார்கள். அன்றைக்கு அடித்த காற்றில் வேறு ஒரு வண்டிகூட வந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க!" என்று கொட்டில் வாசலிலிருந்து கையை ஆட்டினான் பாய்ட். ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஐம்பது வயதிருக்கும், தொப்பை பெல்ட்டுக்கு வெளியே தொங்கியது. "நீங்களும் வரலன்னா இன்னிக்கு நான் வாத்துக்குத்தான் கதை சொல்லிட்டு இருந்திருக்கணும். கமிட்டிக்காரம்மாங்க எல்லாம் குளுருதுன்னு வீட்டுல போத்திட்டுப் படுத்துட்டாங்க. யாரு இந்தப் பொண்ணு? மகளா?"

மார்வா வாயைத் திறப்பதற்குள் டெஸ்ஸி மரியாதையாகச் சொன்னாள். "இல்ல சார். நான் இவங்க வீட்டுல இருக்கேன்."

லைல் தொண்டையைச் செருமிக்கொண்டு வாத்தைப் பார்த்தான்.

கொட்டிலுக்குள் கதகதப்பாக இருந்தது. வைக்கோல், ஆட்டு மூத்திரம், கம்பளி எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கலந்த வாசம். மார்வா பிறந்த வீட்டு வாசம். மூலையில் பலகை அடைத்த சின்னப் பட்டியில் ஒரு தாயாடு தனியாக நின்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

"விடியற்காலைல குட்டி செத்துப் பொறந்துடுச்சு," என்றான் பாய்ட். "அப்போலருந்து இதே கத்தல்தான், பாவம். மடி வெடிக்கிற மாதிரி பால் கட்டியிருக்கு. அந்தா, அந்தப் பக்கம் ஒருத்தி மூணு போட்டுட்டு ரெண்டுக்குத்தான் பால் குடுப்பேங்கிறா. மூணாவத முட்டித் தள்றா. சரி, இவளுக்குக் குட்டி இல்ல, அதுக்கு அம்மா இல்ல. சேத்து வெச்சிட வேண்டியதுதான?"

அவன் தூக்கிக்கொண்டு வந்த குட்டியைப் பார்த்ததும் டெஸ்ஸி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அது தன் தோலுக்கு மேல் இன்னொரு தோலைப் போட்டிருந்தது. செத்த குட்டியின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை போட்டு, அநாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். செம்மறி வளர்க்கிற ஊரில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். மார்வா சின்ன வயதில் எத்தனையோ தடவை குட்டியைப் பிடித்துக்கொடுத்திருக்கிறாள்.

"வேற குட்டின்னு அந்த அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் டெஸ்ஸி.

"கண்ணால பாத்து ஆடு எதையும் நம்பாது, பாப்பா. மோந்துதான் பாக்கும். தன் குட்டி வாசம் அடிச்சா தன் குட்டி. இல்லன்னா முட்டியே கொன்னுடும்."

"அப்போ எப்பவுமே அந்தத் தோலப் போட்டுக்கணுமா?"

"சேச்சே. இவ பால் அதோட வயித்துல எறங்கற வரைக்கும்தான். பால் உள்ள போய்ட்டா அதோட உடம்பே இவ வாசம் அடிக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் தோல உருவிப் போட்டுடலாம். அதுக்கப்புறம் அது அவ குட்டிதான். ஆண்டவனே வந்து கேட்டாலும் விடமாட்டா."

லைல் மெல்லத் தலையைத் திருப்பி டெஸ்ஸியின் நீல ஜாக்கெட்டைப் பார்த்தான். பிறகு மார்வாவைப் பார்த்தான். மார்வாவுக்கு முகத்தில் ஜிவ்வென்று சூடு ஏறியது.

பாய்ட் குட்டியைப் பட்டிக்குள் விட்டான். தாயாடு கத்தலை நிறுத்தியது. லைல் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்ததும் அது முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

"கிட்ட வராதங்கிறா," என்று சிரித்தான் பாய்ட்.

பிறகு அது குட்டியின் வால் பக்கம் முகத்தை வைத்து, உச்சி வரைக்கும் மோந்துகொண்டே வந்தது. அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயைத் திறக்காமல், அடித்தொண்டையில் உருட்டி உருட்டி, கொஞ்சுகிற சத்தம். பிறந்த குட்டியிடம் மட்டும்தான் ஆடு அந்தக் குரலில் பேசும். மார்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள்.

அதற்குள் இன்னொரு ஆடு குட்டி போட்டுவிட்டது. ஈரம் காயாத குட்டியைத் தூக்கி டெஸ்ஸி மடியில் வைத்தான் பாய்ட். குழந்தையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் ஜாக்கெட்டின் முன்புறம் முழுக்கப் பனிக்குட நீர் ஊறி, ரத்தமும் வழவழப்புமாக ஒட்டிக்கொண்டது. நனைந்த உடம்போடு குழந்தை வெடவெடவென்று நடுங்கத் தொடங்கினாள்.

"ஐயோ, கழட்டு, கழட்டு," என்று மார்வா ஜாக்கெட்டை உருவினாள்.

"இருங்க," என்று பாய்ட் வீட்டுப் பக்கம் ஓடினான். கையில் ஒரு சின்னக் கோட்டோடு திரும்பி வந்தான். வெளியே பழுப்புத் துணி, உள்ளே குட்டி ஆட்டுத்தோல், மயிர் உதிராமல் அப்படியே இருந்தது. "பின்வாசல் ஆணியில பார்வைக்குத் தொங்க விட்டிருக்கோம். ஸ்ட்ரோடர் வீட்டுப் பொண்ணு இடாவோடது. அவங்கம்மா ஹெஸ்டர் கையால தெச்சது. கமிட்டிக்காரம்மாங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என் தோல உரிச்சிடுவாங்க. நூறு வருஷமா தண்ணியே காட்டாத துணி இது."

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்றான் லைல்.

"தொண்டை அடைப்பான் வந்து போய்ட்டா. இதே மாதிரி குட்டி போடற காலத்துல. தொத்து வியாதியாச்சே, அவ தொட்டதெல்லாம் எரிச்சுட்டாங்க. இத மட்டும் அந்தம்மா மாவுப் பீப்பாய்க்குள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க. சாகற வரைக்கும் யாருக்கும் தெரியாது. சரி சரி, பழங்கதை. குழந்தை வெறைக்குது, போட்டு விடுங்க."

மார்வா ஒரு நொடி தயங்கினாள். பிறகு குழந்தை நடுங்குவதைப் பார்த்துப் போட்டுவிட்டாள்.

அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

"இங்கயே இரு, நான் இத அலசிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டோடு கொட்டிலின் பின்பக்கக் குழாய்க்குப் போனாள். லைல் இன்னொரு ஆட்டைப் பிடித்துக்கொள்ள, பாய்ட் அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை.

குழாய்த் தண்ணீர் ஊசி மாதிரி குத்தியது. ரத்தம் கரைந்து ஓடிய பிறகு மார்வா ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள். தினமும் திருட்டுத்தனமாகச் செய்கிற வேலைதான். ஆப்ரியின் வாசம் எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருக்கும். அன்றைக்கு ஆட்டு வாசம்தான் அடித்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மார்வா குழாயைத் திறந்து விட்டபடியே நின்று வாய் விட்டு அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பியபோது டெஸ்ஸி அங்கே இல்லை.

"இப்பதான் இங்க நின்னுட்டு இருந்தா," என்றான் லைல்.

"வாத்து பாக்கப் போயிருப்பா," என்றான் பாய்ட்.

வாத்துகள் இரண்டும் கொட்டில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தன. அப்போது வீட்டின் பின்வாசல் கதவு காற்றில் ஒரு தடவை திறந்து மூடியது. மார்வா அதை நோக்கி நடந்தாள். கூப்பிட்டுக்கொண்டேதான் நடந்தாள்.

உள்ளே காற்றுச் சத்தம் சட்டென்று அடங்கியது. பின்வாசல் நடையில் பழைய பூட்ஸுகள் வரிசையாக இருந்தன. அடுத்தது சமையலறை. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. மேஜையில் எனாமல் தட்டுகள், நடுவே உலர்ந்த பூ, குறுக்கே கயிறு கட்டி "தொடாதீர்கள்" என்ற அட்டை. பழைய இரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாயை எப்போதோ கழற்றி, கூரை ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள்.

பால் காய்ச்சும் வாசம் வந்தது.

மார்வா நின்றாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. விறகு நெருப்பில், சட்டி ஓரத்தில் லேசாகத் தீய்ந்த பால். அவள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி அடுப்பைத் தொட்டாள். பனிக்கட்டி மாதிரி ஜில்லென்றிருந்தது.

"டெஸ்ஸி?"

மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏதோ ஆடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வாயைத் திறக்காமல், அடித்தொண்டையில் உருட்டி உருட்டிக் கொஞ்சுகிற அதே சத்தம். மாடிப்படியில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அது ஆட்டின் தொண்டை இல்லை.

ஒரு பெண்ணின் தொண்டை.

திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் மாடியில் டெஸ்ஸி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அந்தக் குழந்தை சிரித்து அவள் கேட்டதே இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.

ஏற ஏற வாசம் மாறியது. கம்பளிப் பிசுக்கு, புகை, கற்பூரம், வியர்வை. ஆள் இருக்கிற வீட்டின் வாசம்.

பாதிப் படியில் இருந்தபோது கொஞ்சல் நின்றது.

டொக்.

மேல் தளத்தில் யாரோ ஒற்றைக் காலை ஓங்கி மிதித்தார்கள். பலகை அதிர்ந்து, அந்த அதிர்வு கைப்பிடி வழியாக மார்வாவின் உள்ளங்கைக்கு வந்தது. ஆட்டுக்காரி மகளுக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஏறினாள்.

கோடி அறையின் கதவு திறந்திருந்தது. குறுக்கே கயிறு. இரும்புக் கட்டிலில் டெஸ்ஸி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடாவின் கோட்டு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தது. கையில் ஒரு தகரக் குவளை. அதிலிருந்து ஆவி பறந்தது. குழந்தையின் மேலுதட்டில் வெள்ளையாகப் பால் ஒட்டியிருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை.

"டெஸ்ஸி," என்று மார்வா கிசுகிசுத்தாள். "வா கண்ணு. போலாம்."

"ஷ்ஷ். சத்தம் போடாதீங்க. அவங்க பயப்படறாங்க."

"யாரு? யாரப் பாத்துப் பயப்படறாங்க?"

"உங்களப் பாத்துதான்."

குழந்தையின் உச்சந்தலை முடி அசைந்தது. ஜன்னல் மூடியிருந்தது. முடி ஒரு கற்றையாக மேலே எழும்பி, அப்படியே நின்று, மெல்லத் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. மறுபடி தாழ்ந்தது.

யாரோ அவள் தலையை முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

மார்வாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நூறு வருஷமாகத் தண்ணீர் படாத கோட்டு. உள்ளே தன் குட்டி வாசம். போட்டிருப்பது யார் என்பதைப் பற்றி அந்தத் தாய்க்கு என்ன கவலை?

"கோட்டக் கழட்டு, தங்கம்."

"குளுருமே."

"நான் சொல்றேன்ல? கழட்டு."

டெஸ்ஸி தலைக்கு மேலே, காலியான இடத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மார்வாவைப் பார்த்து மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு முதல் தடவையாக அடம் வந்திருந்தது.

மார்வா கயிற்றைத் தாண்டினாள்.

டொக்.

இந்தத் தடவை அவள் காலுக்கு நேர் முன்னால். பலகை இடுக்கிலிருந்து தூசி எழும்பியது. அவள் இன்னோர் அடி வைத்தாள். விலாவில் ஏதோ முட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அடி மட்டும் எலும்பு வரைக்கும் இறங்கியது. மார்வா கதவில் போய் மோதி விழுந்தாள். மூச்சு நின்றுபோனது. எழ முயன்றபோது தோளில் இன்னொரு முட்டு. அவள் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தவழ்ந்தாள். கட்டில் காலைப் பிடித்தாள். கோட்டின் பட்டன்களைப் பிய்த்து, குழந்தையின் கையை உருவி, அந்தச் சனியனைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

வீடு மௌனமாகிவிட்டது.

குவளை உருண்டு ஓடி நின்றது. அதில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் இல்லை.

அப்போதுதான் மார்வாவுக்கு உண்மையான பயம் வந்தது. தோலை உருவிவிட்டாள். இது தன் குட்டி இல்லை என்று இப்போது தெரிந்துவிடும். தன் குட்டி இல்லை என்றால் என்ன செய்யும் என்று பாய்ட் சொன்னது காதில் ஒலித்தது. அவள் டெஸ்ஸியைக் கட்டிலில் குப்புறத் தள்ளி, மேலே தன் உடம்பைப் போட்டு மூடிக்கொண்டாள். "என்னைய அடி. என்ன வேணா பண்ணிக்கோ. இவள விட்டுடு," என்று பல் கிட்டிக்க முனகினாள்.

அடி விழவில்லை.

அவள் கன்னத்தருகே வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. அவளைத் தாண்டிப் போனது. டெஸ்ஸியின் கணுக்காலில் தொடங்கி, முதுகு வழியாக, பிடரி வரைக்கும் அது மெல்ல மெல்ல முகர்ந்துகொண்டே வந்தது. குழந்தையின் வாயருகே வந்து நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

பிறகு அந்தக் கொஞ்சல் மறுபடி கேட்டது. முன்னைவிட மெதுவாக, முன்னைவிட ஆசையாக.

மார்வா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் எப்படி இறங்கினாள், கதவை எப்படித் திறந்தாள், எதுவும் நினைவில்லை. முற்றத்தில் லைலும் பாய்டும் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். லைல் குழந்தையை வாங்கித் தன் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வண்டிக்குப் போனான்.

"என்னம்மா ஆச்சு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான் பாய்ட்.

"யாரு அவளுக்குப் பால் குடுத்தது?" என்றாள் மார்வா.

"பாலா? இங்க ஏது பால்? மாடே கெடையாது. அந்த அடுப்பு எரிஞ்சு எத்தன வருஷமாச்சு?" சொல்லிக்கொண்டே வந்தவனின் முகத்தில் சிரிப்பு அப்படியே செத்தது. அவன் வீட்டைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குழந்தை குடிச்சாளா? எவ்ளோ குடிச்சா?"

"ஏன் கேக்கற?"

பாய்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்குள் தெரிந்த சின்னத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். மார்வாவுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

வண்டியில் ஏறியதும் ஈர ஜாக்கெட்டைத் தூக்கிக் காலடியில் போட்டாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றி டெஸ்ஸிக்கு மாட்டினாள். கை தொங்கியது, இடுப்புக்குக் கீழே இறங்கியது. நடந்ததை லைலுக்கு அரையும் குறையுமாகச் சொன்னாள். அவன் வாக்குவாதம் பண்ணவில்லை. அவள் விலாவில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினான்.

"அந்த நீல ஜாக்கெட் இனிமே வேணாம்," என்றாள் மார்வா, டெஸ்ஸியின் தலையைக் கோதியபடி. "உனக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கலாம். என்ன கலர் வேணும்?"

டெஸ்ஸி கொஞ்ச நேரம் யோசித்தாள். "மஞ்சள்?"

"மஞ்சளே வாங்கிடுவோம்."

அவள் வாய் திறந்து ஒன்றை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஊர் எல்லை வருவதற்குள் மார்வாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வந்த நாளிலிருந்து அவள் யார் மேலும் சாய்ந்ததில்லை. மார்வா தோள் மரத்துப்போகிற வரைக்கும் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாதாரண வெள்ளைச் சோப்பு போட்டுத் தலையோடு குளிப்பாட்டினாள். ஆப்பிள் ஷாம்பூ புட்டியைக் குப்பையில் போட்டாள். அன்று ராத்திரி முழுக்கக் குழந்தையை விட்டு நகரவில்லை. எதுவும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் சமையலறை முழுக்கப் பரவியிருந்தது. காற்று ஒருவழியாக அடங்கியிருந்தது. லைல் வெளியே வண்டி கழுவிக்கொண்டு, ராகமே இல்லாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். மார்வா அப்பம் சுட்டுத் தட்டில் வைத்து, தேன் ஊற்றி, மேஜை பெஞ்சில் டெஸ்ஸிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். விலா வலித்தது. பரவாயில்லை. வியாழக்கிழமை என்ன உடுத்திக்கொண்டு போவது என்று இரண்டு பேரும் பேசினார்கள். அடுத்த அப்பத்தைத் தனக்குப் பெரிதாகத் தரவேண்டும் என்று டெஸ்ஸி அடம் பிடித்தாள். மார்வாவுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டெஸ்ஸி நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அம்மா," என்றாள்.

மார்வாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாதம். எத்தனை ராத்திரி இந்த ஒரு சொல்லுக்காக விழித்துக் கிடந்திருக்கிறாள்! "என்னடா கண்ணு?" என்று கையை நீட்டித் திரும்பினாள்.

டெஸ்ஸி அவளைப் பார்க்கவில்லை. மார்வாவின் தோளுக்கு மேலாக, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்நியரிடம் பேசும்போது வருகிற அதே மரியாதையோடு, மார்வாவின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, மார்வா ஆன்ட்டி? அம்மா உக்காரணுமாம்."